முன் சீட்டுக் கண்ணாடி

கொஞ்சம் நகர்ந்து உட்காருறீங்களா? இல்ல, ஜன்னல் எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்குங்க. டிரைவர் தலை தெரியற மாதிரி ஒரு இடம் கிடைச்சாப் போதும். அந்தா பாருங்க, கண்டக்டர் "போலாமாண்ணே"ன்னு கேக்கறான், இவரு திரும்பிக்கூடப் பாக்காம தலையை ஆட்டறாரு. வாயைத் திறந்து "போலாம்"னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா? எனக்கு இதைப் பாத்தாலே ஆகாது. நான் டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், திருச்சியில. அங்க இந்தத் தொல்லை இல்ல. தலையே கிடையாது, குரல்தான். வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்.

உங்க தம்பியை ஏர்ஃபோர்ஸ்ல எடுத்துட்டாங்கன்னு அந்த அம்மா கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க இல்ல? ஒட்டுக் கேக்கலைங்க, காதுல விழுந்துச்சு. சந்தோஷம். நல்லா இருக்கட்டும். நான் அபசகுனமா எதுவும் சொல்ல வரல. எங்க வீட்டுக்காரரும் பிளேன் ஓட்டப் படிச்சவருதான். அந்தப் பெரிய சண்டையப்ப. ஜப்பான்காரன் பர்மாவுக்கு வந்துட்டான்னு மெட்ராஸே மூட்டை கட்டிக்கிட்டு ஓடிச்சே, அப்ப. ஊரெல்லாம் இந்தப் பக்கம் ஓடுது, இவரு மட்டும் அந்தப் பக்கம் ஓடினாரு.

தணிகாசலம்னு பேரு. செங்கல்பட்டுப் பக்கம். காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்தவரு, பேப்பர்ல விளம்பரம் பாத்து எழுதிப் போட்டுட்டாரு. கல்யாணம் ஆன புதுசு, எனக்கே தெரியாது. கூப்பிட்டு உத்தரவு வந்தப்புறம்தான் வீட்டுல ஒப்பாரி. நான் போகாதீங்கன்னு காலைப் பிடிச்சுக்கிட்டு அழறேன், அவரு சிரிக்கறாரு. "இது நடந்து போற பட்டாளம் இல்லடி அபரஞ்சி, உட்கார்ந்துக்கிட்டுப் போற பட்டாளம்." அப்படித்தான் அவரு. எல்லாத்துக்கும் சிரிப்பு. பயப்படற வேலையை மொத்தமா எனக்குன்னு விட்டுட்டாரு.

எந்த ஊர்ல படிச்சாருன்னு கேக்காதீங்க. அப்ப பேரைச் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. வெள்ளைக்காரன் போயே எத்தனையோ வருஷமாச்சு, எனக்கு இன்னும் வாய் வரமாட்டேங்குது. ஒரு பெரிய பொட்டல், ஓரமா ஏரி, சுத்திலும் கடலைக் கொல்லை. அதுல கூடாரம் அடிச்சு, கொட்டகை போட்டு, பிளேன் ஓட்டச் சொல்லிக் குடுத்தாங்க. பொண்டாட்டிங்களை உள்ள விடமாட்டாங்க. நான் பக்கத்து ஊர்ல அந்தோணியம்மான்னு ஒரு அம்மா வீட்டுல ஒரு அறையை எடுத்துக்கிட்டேன். எங்க மாமியார் வேணாம்னாங்க, எங்க அம்மா வேணாம்னாங்க. நான் கேக்கல. கண்ணு முன்னால இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நினைப்பு. சாயங்காலம் பாஸ் கிடைச்சா அவரு சைக்கிள்ல வந்து சாப்பிட்டுட்டுப் போவாரு.

கண்ணு முன்னால இருந்தா பயம் குறையும்னா நினைக்கறீங்க? கூடிச்சு. விடிஞ்சதுல இருந்து தலைக்கு மேல அந்தச் சத்தம். சத்தம் இருந்தாக்கூடப் பரவாயில்லைங்க. திடீர்னு நின்னுடும். அதாவது, அதுவும் பாடமாம். எஞ்சின் நின்னுபோனா எங்க இறக்குவேன்னு சோதிக்க, வாத்தியாரே மேல போய் எஞ்சினை அடக்கிடுவாராம். அவருக்குப் பாடம், எனக்கு உசுரு போகும். தண்ணி சேந்திக்கிட்டு இருப்பேன், சத்தம் நிக்கும், கயிறைப் பிடிச்ச கை அப்படியே நிக்கும். மறுபடி சத்தம் வந்தாத்தான் வாளி மேல வரும். அந்தோணியம்மா திட்டும், "ஏம்மா, நீ ஒரு குடம் தண்ணி எடுக்கறதுக்குள்ள எங்க வீட்டுக் கிணறே வத்திடும்போல இருக்கே"ன்னு.

அந்தப் பிளேனை நீங்க பாத்ததில்லையே? மஞ்சக் கலரு. மரச் சட்டம் அடிச்சு, மேல துணி போத்தியிருப்பாங்க. துணிங்க! கேட்டப்ப நான் நம்பல. ரெண்டே சீட்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. முன் சீட்டுல வாத்தியாரு, பின் சீட்டுல பையன். மேல மூடி கிடையாது, காத்து முகத்துல அறையும். ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேக்காது. அதனால ஒரு ரப்பர் குழாய் வச்சிருக்காங்க, வாத்தியாரு அதுல பேசுவாரு, இவரு காதுல விழும். இவரு பதில் சொன்னா? அதுக்கும் வழி இருக்குதாம், ஆனா அந்தக் காத்துல பாதி வார்த்தை போய்ச் சேராதாம். அதனால வாத்தியாரு சீட்டுக்கு முன்னால ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருப்பாங்க. அவரு கேக்கறதைக் கேப்பாரு, கண்ணாடியில பாப்பாரு, பையன் தலையை ஆட்டினாப் போதும்.

தலையை ஆட்டினாப் போதும்! இதுலதாங்க எமன் உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்தவரு, சிரிக்க ஆரம்பிச்சாரு. சோறு புரையேறுது, சிரிப்பு அடங்கல. என்னங்கன்னா, "இன்னிக்கு உன் தாலி பிழைச்சது, பார்லோ துரை புண்ணியம்"னாரு. பார்லோதான் அவருக்கு வாத்தியாரு. மேல போய் ஏதோ ஒரு திருப்பம் பழக்கியிருக்கான். இவருக்குச் சரியா வரல. துரை குழாயில, "நான் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டானாம். இவரு சரின்னு தலையை ஆட்டிட்டு, கையைக் காலை எல்லாம் எடுத்துட்டாரு. துரை கண்ணாடியில பாத்தான். நாம சரின்னா எப்படிங்க ஆட்டுவோம்? தோளுக்குத் தோள் சாய்ச்சு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வெள்ளைக்காரனுக்குச் சரின்னா மேலயும் கீழயும்தான். பக்கவாட்டுல தலை அசைஞ்சா, அது எப்படி அசைஞ்சாலும் வேணாம்னுதான் அவனுக்கு அர்த்தம். பையன் தானே ஓட்டறேங்கறான், பரவாயில்ல, ரோஷக்காரன்னு நினைச்சுக்கிட்டு அவன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டான். அவன் ஓட்டறான்னு இவரு உட்கார்ந்திருக்காரு. ரெண்டு பேரும் ஊர் பாத்துக்கிட்டு வராங்க. பிளேனை ஓட்டறதுக்கு ஆளில்ல.

மூக்கு கீழ சாஞ்சு, ஏரி இவரு கண்ணுக்கு நேரா வந்தப்புறம்தான் துரை திரும்பிப் பாத்துக் கத்தியிருக்கான். உயரத்துல இருந்ததால நிமித்திட்டான். இறங்கி வந்து கெட்ட வார்த்தையா திட்டினானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு மனுஷன். நான் கரண்டியைக் கீழ வச்சுட்டேன். உயரத்துல இருந்ததால சரி. கீழ இருந்தா? நான் கேட்டேன். "கீழ இருந்தா உனக்கு இந்தக் கதை கிடைச்சிருக்காது"ன்னாரு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லதான் குருபாதம் செத்துப்போச்சு. வேலூர்ப் பையன், இவரோட ஒரே கூடாரம். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து அந்தோணியம்மாவோட கோயிலுக்குப் போகும். அமைதியான பையன். எதைக் கேட்டாலும் வாய் பேசாது, கழுத்துல எலும்பே இல்லாத மாதிரி தலைதான் ஆடும். "குழம்பு ஊத்தட்டுமா தம்பி", ஆட்டம். "போதுமா", அதுக்கும் ஆட்டம். அன்னிக்குக் காலையில ஒரு பிளேன் இறங்கறதுக்கு வருது, வேலி ஓரம், பனை மர உசரம்கூட இல்ல. நான் கொல்லையில இருந்து பாக்கறேன். எஞ்சின் சத்தம் நல்லாத்தான் கேக்குது. ஆனா யாரும் பிடிக்காத மாதிரி, தலை தொங்கிப்போய் வந்து, நேரா மண்ணுல. முன் சீட்டுல இருந்த வாத்தியாரும் போனாரு, அந்தப் பிள்ளையும் போச்சு.

அது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் மஞ்சப் பிளேன்தானே. நான் அங்கயே உட்கார்ந்துட்டேன். அழுகையும் வரல. அந்தோணியம்மா என் தலையில தண்ணி தெளிக்குது, ஜெபம் பண்ணுது, எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. மத்தியானம் வெயில்ல சைக்கிள் மணி கேட்டுது. இவருதான். பாஸ் வாங்காம, வேலியைத் தாண்டி வந்திருக்காரு. "முகத்தைக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்"னாரு. அன்னிக்குத்தான் அவரு சிரிக்காம இருந்ததைப் பாத்தேன்.

விசாரணை வச்சாங்க. பையன் மேல தப்புன்னு எழுதிட்டாங்களாம். எனக்குத் தெரியும் என்ன தப்புன்னு. வேற யாருக்கும் தெரியாது. நான் சத்தியம் பண்ணுவேன். "நான் எடுத்துக்கட்டுமா"ன்னு அந்த வாத்தியாரு கேட்டிருப்பாரு, குருபாதம் ஆட்டியிருக்கும். எங்க வீட்டுக்காரர் கிட்டச் சொன்னேன். அவரு "இருக்கும்"னாரு.

சரி, இனிமே நாமதான் பாத்துக்கணும்னு முடிவு பண்ணினேன். அழுதுக்கிட்டு உட்கார்ந்திருந்தா ஆகுமா? அந்தோணியம்மா வீட்டுல ரெண்டு முக்காலி இருந்துச்சு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு போட்டேன். முன்னால நான், பொட்டு வைக்கற கண்ணாடியைக் கையில பிடிச்சுக்கிட்டு. பின்னால அவரு. "சோறு போடட்டுமா?" கண்ணாடியில பாக்கறேன். பழக்கதோஷத்துல தலை சாயுது. "சரி, வேணாம்னுட்டீங்க"ன்னு தட்டை எடுத்து உள்ள வச்சுட்டேன். நிஜமாத்தான். பசியோட இருந்த மனுஷனுக்குச் சோறு போடல. "மோர் வேணுமா?" மறுபடி சாயுது. மோர் கிடையாது. முதல் நாள் வெறும் வயித்தோட சைக்கிள் மிதிச்சுக்கிட்டுத் திரும்பிப் போனாரு. ராட்சசின்னு சொல்லிட்டுத்தான் போனாரு. சொல்லட்டுமே. பட்டினி கிடந்தா உசுரா போயிடும்?

பொல்லாத பழக்கம்ங்க அது. மறக்கடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொறந்த குழந்தையில இருந்து ஊறினதாச்சே. தலை சாய ஆரம்பிக்கும், பாதியில ஞாபகம் வரும், நிறுத்திட்டு மேலயும் கீழயும் ஆட்டுவாரு. அது இன்னும் ஆபத்து, அரைகுறையா ஆட்டினா வெள்ளைக்காரன் என்னன்னு எடுத்துப்பான்? நான் விடல. சைக்கிளை விட்டு இறங்கும்போதே கேப்பேன். "வெயிலா?" "தலை வலிக்குதா?" "என் மேல கோபமா?" எல்லாத்துக்கும் மேலயும் கீழயும். கடைசியில படிஞ்சுது. அப்புறம் பாக்கணுமே. கடைக்காரன் "புகையிலையா சாமி"ன்னாலும் மேலயும் கீழயும், எங்க மாமனார் வந்து "சௌக்கியமாடா"ன்னாலும் மேலயும் கீழயும். அந்தோணியம்மா என் கிட்ட ரகசியமாக் கேட்டுது, "என்னம்மா உன் வீட்டுக்காரரு, பூம்பூம் மாடு மாதிரி ஆயிட்டாரு?" நான் சொன்னேன், மாடாவே இருக்கட்டும், உசுரோட இருக்கட்டும்.

அவரு தனியா ஓட்டற நாள் வந்துச்சு. முன் சீட்டுல வாத்தியாரு இல்லாம, தான் மட்டும். வேற எந்தப் பொண்டாட்டியா இருந்தாலும் அன்னிக்குத்தான் பயந்திருப்பா. எனக்கு அன்னிக்குத்தான் பயம் விட்டுது. முன் சீட்டு காலி. இனிமே யாரு கேக்கப் போறா, யாருக்குத் தலையை ஆட்டப் போறாரு? அன்னிக்குச் சாயங்காலம் அல்வா வாங்கிக்கிட்டு வந்தாரு. "முன்னால கண்ணாடியைப் பாத்தேன் அபரஞ்சி, அதுல என் மூஞ்சிதான் இருந்துச்சு, நானே எனக்குத் தலையை ஆட்டிக்கிட்டேன்"னாரு. எப்படி ஆட்டினீங்கன்னு கேட்டேன். மேலயும் கீழயும் ஆட்டிக் காட்டினாரு. நான் அல்வாவை அவரு வாயில போட்டேன். அந்த வீட்டுல நான் நிம்மதியாத் தூங்கினது அன்னிக்கு மட்டும்தான்.

ரொம்ப நாள் ஆகல. நான் துணி துவைச்சுக்கிட்டு இருக்கேன். மேல ஒரு பிளேன், கிழக்கால திரும்புது. சத்தம் நின்னுது. பாடம்னு நினைச்சேன். துணியை அடிக்கற கை நின்னுபோய் இருக்கேன். வரும், இப்ப வரும்னு இருக்கேன். காக்காய்ச் சத்தம் கேக்குது, எங்கயோ ஆடு கத்தறது கேக்குது. எஞ்சின் சத்தம் மட்டும் வரல. அப்புறம் ஒரு சத்தம் கேட்டுது. பெருசா ஒண்ணும் இல்ல. நெல் மூட்டையை வண்டியில இருந்து தள்ளின மாதிரி.

ஈரப் புடவையோட ஓடினேன். கடலைக் கொல்லையில மஞ்ச வால் மட்டும் மேல நிக்குது. கிட்டப் போறதுக்குள்ள வண்டி வந்து யாரையோ தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிடுச்சு. ஒரே ஒரு ஆளைத்தான் தூக்கினாங்க. ஒரே ஆள்னா தனியாப் போனவங்கதானே? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஆனா வேற யாராவது இருக்கட்டும், வேற யாரோ ஒருத்தியோட புருஷனா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேதான் ஓடறேன். அப்படியெல்லாம் வேண்டிக்கலாமா? வேண்டிக்கிட்டேன். கேட்டுல நின்ன பஞ்சாபி சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். பேரு என்னன்னான். புருஷன் பேரை நான் அதுவரைக்கும் வாயால சொன்னதில்லைங்க. அன்னிக்கு ஊரே கேக்கற மாதிரி கத்தினேன். தணிகாசலம், தணிகாசலம்னு.

பேரைக் கேட்டதும் அவன் துப்பாக்கியை இறக்கினான். அதுல இருந்தே தெரிஞ்சுபோச்சு.

ஒரு கொட்டகைக்கு வெளிய பெஞ்சுல உட்கார வச்சாங்க. உள்ள இருந்து டாக்டர் துரை வந்தான். வயசானவன், சட்டைக் கையில ரத்தம். அது அவரு ரத்தம். எனக்கு அதுல இருந்து கண்ணை எடுக்க முடியல. துரை குனிஞ்சு, மெதுவா, இங்கிலீஷ்ல கேட்டான். நான் மிஷன் ஸ்கூல்ல படிச்சவ, எனக்கு நல்லாப் புரிஞ்சுது. உசுரு இருக்குன்னான். முகம் ரொம்ப மோசமாயிருக்கு, பாத்தா உன்னால தாங்க முடியுமான்னு தெரியல, பாக்கறியான்னான்.

பாக்கறியாவா? அதுக்குத்தானேய்யா ஓடி வந்தேன்! வாயைத் திறக்கறேன், பேச்சு வரல. காத்துதான் வருது. தலையை ஆட்டினேன். நல்லா ஆட்டினேன். ஒரு தடவை இல்ல, விடாம ஆட்டிக்கிட்டே இருந்தேன். துரை என்னையே கொஞ்ச நேரம் பாத்தான். அப்புறம் என் தோளைத் தட்டிக் குடுத்தான். ஒரு ஜீப்பைக் கூப்பிட்டு ஏத்திவிட்டான். ஆஸ்பத்திரி வேற பக்கம் இருக்குபோல, அங்கதான் கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு உட்கார்ந்திருக்கேன். ஜீப் அந்தோணியம்மா வீட்டு வாசல்ல நின்னுது. திரும்பிப் பாக்கறதுக்குள்ள போயிடுச்சு. மறுபடி ஓடினேன். கேட்டைத் திறக்கல. இருட்டற வரைக்கும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

மறுநாள் பெட்டியில வச்சு, ஆணி அடிச்சுத்தான் குடுத்தாங்க. எங்க மாமனார் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாரு, விடல. டாக்டர் துரை தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு என் கிட்ட வந்தான். சொல்றான், "நீ பாக்க வேணாம்னு சொன்னதே நல்லதும்மா, அவரோட பழைய முகமே உன் மனசுல இருக்கட்டும்"னு. கேட்டீங்களா? நான் வேணாம்னு சொன்னேனாம்! அவன் கண்ணுல தண்ணி வேற. எப்படிங்க ஒரு மனுஷனால, செத்தவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடியுது? உள்ள விட இஷ்டமில்லைன்னா விட முடியாதுன்னு சொல்லிட்டுப் போ. கேக்கறதையும் கேட்டுட்டு, பழியை என் தலையில ஏன் போடறே? இத்தனை வருஷமா எனக்கு இது ஆறல. வெள்ளைக்காரனுக்கு மனசே கிடையாதுங்க.

அந்தக் கொட்டகையில வேலை பாத்த நம்ம ஊர் ஆள் ஒருத்தன் அப்புறமாச் சொன்னான். விளக்கு வைக்கற வரைக்கும் உசுரு இருந்துச்சாம். நடுவுல ஒரு தடவை நினைவு வந்து, "அபரஞ்சி வந்தாளா?"ன்னு துரையைக் கேட்டாராம். துரை என்ன பதில் சொன்னான்னு கேட்டேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், சொல்லல. என்னன்னு சொல்லியிருப்பான்? "அவ வந்தா, பாக்க மாட்டேன்னுட்டுப் போயிட்டா"ன்னா சொன்னான்? அதைக் கேட்டுக்கிட்டா அவரு கண்ணை மூடினாரு? பிளேன் சத்தத்துக்கெல்லாம் நான் இப்பப் பயப்படறதில்லைங்க. இதுக்குத்தான் பயம். படுத்தா இது வந்து நெஞ்சுல உட்காருது.

நீங்களே சொல்லுங்க. நீங்க படிச்சவங்களாத் தெரியறீங்க. ஒரு பொம்பளை கிட்ட, புருஷனைப் பாக்கறியான்னு கேக்கறான். அவ இப்படி ஆட்டறா. இந்தா, பாருங்க. என்னைப் பாருங்க, இப்படி. தோளுக்குத் தோள், நல்லாத் தெரியற மாதிரி. இதுல எங்கங்க வேணாம்னு இருக்கு?